கஞ்சிக்கு இரண்டு ஊதல்

அவனுக்குக் கொக்கு என்று பெயர் வைத்ததே இக்கரை கிளப்பின் ரசிகர்கள்தான். எதிரணி கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்து நிற்பான். ஆட்டம் முழுக்க அசைய மாட்டான். பந்து பக்கத்தில் வந்ததும் ஒரே கொத்து. கோல்.

அந்தக் காலத்தில் அவன் அடித்த பந்து ஒன்று வலையைக் கிழித்து, மதிலைத் தாண்டி, நாலு தெரு தள்ளி ஒரு லாண்ட்ரியின் மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வைக்குள் போய் விழுந்தது. போர்வையோடு சேர்ந்து மடிக்கப்பட்டு, இஸ்திரி போடப்பட்டு, வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய், குளிருக்குப் பிரிக்கும்போதுதான் உருண்டு வெளியே வந்தது. நம்பாதவர்கள் அந்த லாண்ட்ரிக்காரரையே கேட்டுக்கொள்ளலாம். பந்தைத் தேடி அவர் மாடிக்கு ஏறியவன் பந்து கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவருடைய ஒரே மகளைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டிலேயே தங்கிவிட்டான்.

லாண்ட்ரிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் சாதாரண ரசிகர் அல்ல. இக்கரை மைதானத்தின் முன்வரிசையில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அவர் வராத நாளில்கூட அதில் யாரும் உட்கார மாட்டார்கள், குடையைத்தான் வைப்பார்கள். கடைக்கு யார் துணி கொண்டுவந்தாலும், சட்டையை எண்ணுவதற்கு முன்னால், "என் மாப்ள அடிச்ச கோலைப் பாத்தீங்களா?" என்பார். பார்க்கவில்லை என்று சொன்னவருடைய சட்டைகள் ஒரு நாள் தாமதமாகத்தான் தயாராகும்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது கொக்கின் முழங்கால் தன் அபிப்பிராயத்தைச் சொல்ல ஆரம்பித்தது. பந்து வந்தது, அவன் கொத்தினான், பந்து வேறு பக்கம் போனது. ரசிகர்கள் தங்கமானவர்கள். இத்தனை வருஷம் உழைத்தவனாயிற்றே என்று இரண்டு ஆட்டம் பொறுத்துப் பார்த்தார்கள். மூன்றாவதில் "போ, கொக்கு, போ" என்று மேளம் கட்டிப் பாடினார்கள். மேளம் அடித்தவர் ரசிகர் மன்றத் தலைவர். டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். வாரம் முழுக்க அடுத்தவர்களுக்கு பிரேக் பிடிக்கக் கற்றுக்கொடுத்து அலுத்துப்போய், ஞாயிற்றுக்கிழமை தன் வாயில் அதைப் பிடிக்கவே மாட்டார். முன்வரிசை நாற்காலியிலிருந்து லாண்ட்ரிக்காரரும் கூடச் சேர்ந்து பாடினார். மருமகன் என்பதற்காகச் சலுகை காட்டலாமா? நியாயஸ்தர்.

கிளப்பும் ரசிகர்கள் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து, கை குலுக்கக்கூட ஓர் ஆளை அனுப்பாமல் அவனை விடுவித்தது. ஒரு வாரம் சும்மா இருந்தான். பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கரை கிளப் கூப்பிட்டது. போனான்.

போகச் சொன்ன அத்தனை பேரும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள்.

"போன்னா போயிடுறதா?" என்று டிரைவிங் ஸ்கூல்காரர் லாண்ட்ரி வாசலில் நின்று கேட்டார். "ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான். வீட்டுல பொண்டாட்டி தினம் எங்கயாவது போய்த் தொலைன்னு சொல்றா. நாம போயிட்டமா? ஒரு பாசம் வேண்டாம்?"

"அதானே," என்றார் லாண்ட்ரிக்காரர். "என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு பாலம் தாண்டிட்டானே."

அன்றிலிருந்து மருமகனோடு அவர் பேச்சை நிறுத்தினார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கொக்குக்குக் காலையில் வேலை அந்த லாண்ட்ரியில்தான். கீழே கடை, மேலே வீடு. கடையில் எதிரெதிராக இரண்டு இஸ்திரி மேஜைகள். ஒன்றில் மாமனார், மற்றதில் மருமகன். நடுவில் துணிக்குப் போடும் கஞ்சி வாளி. வாசல் பக்கம் கவுண்டரில் மகள், காலர் உள்பக்கத்தில் அழியா மையால் குறிபோட்டுக்கொண்டிருப்பாள். இரண்டு மேஜைக்கும் நடுவே ஒரு கை நீளம்தான். அந்த ஒரு கை நீளத்தைக் கடக்கச் சொல் வாசல்வரை சுற்றிக்கொண்டு வந்தது.

"அந்தாளுகிட்ட சொல்லும்மா, காலர்ல மடிப்பு நிக்கலன்னு."

"அந்தாள் உங்க மூக்குக்கு முன்னாடிதாம்ப்பா நிக்கிறாரு. அவருக்கு முட்டிதான் கெட்டுப்போச்சு, காது இல்ல."

"நீ சொல்லு."

"ஏங்க, காலர்ல மடிப்பு நிக்கலயாம்."

"நிக்கும்னு மாமாகிட்ட சொல்லு."

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு மகள் மைக்கோலைக் கீழே வைத்தாள். "குறி போடத்தான் நான் இங்க உக்காந்திருக்கேன். எதிர் மேஜைக்குத் தபால் கொண்டுபோக வேற ஆளைப் பாத்துக்கங்க."

லாண்ட்ரிக்காரர் அசரவில்லை. லாண்ட்ரி வைப்பதற்கு முன்னால் அவர் பேருந்து நிலையத்தில் நேரம் பார்த்துப் பேருந்தைக் கிளப்பிவிடும் வேலையில் இருந்தவர். அந்தக் காலத்துப் பித்தளை விசில் ஒன்று மேஜை டிராயரில் கிடந்தது. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஒரு முறை ஊதினால், இங்கே வா. இரண்டு முறை ஊதினால், கஞ்சி வாளியை இந்தப் பக்கம் தள்ளு. ஒரே நீளமாக இழுத்தால், கடையைச் சாத்து. மருமகன் மறுநாளே பாடத்தைப் பிடித்துக்கொண்டான். வாடிக்கையாளர்களும் பழகிவிட்டார்கள், புதிதாக வந்தவர்கள் மட்டும் முதல் ஊதலுக்குப் பயந்து ஓரமாக ஒதுங்கி வழி விட்டார்கள்.

இரண்டு சீசன் இப்படி ஓடியது. அக்கரையில் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்து, கடைசி அரை மணிக்கு மட்டும் இறக்கி, பதவிசாக வைத்துக்கொண்டார்கள். கோல் அடித்தால் கைதட்டினார்கள். அதெல்லாம் அவனுக்குப் போதவில்லை. ஒரு மத்தியானம் மாடியில் படுக்கை விரிப்புகளைக் காயப்போடும்போது மனைவி சொன்னாள்:

"ஏங்க, பேசாம தனியா வீடு பாத்துப் போயிடலாமா?"

"தனியாப் போயிட்டா அப்புறம் அவர் கூப்பிடவே மாட்டாரு. எதுக்க நின்னுட்டே இருந்தா என்னைக்காவது வாய் தவறியாவது மாப்ளன்னு வந்துடும்."

"வாய் தவறக் கூடாதுன்னுதானே விசிலை வச்சு அடைச்சிருக்காரு," என்றாள் அவள், விரிப்பின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு.

அவனுக்கு வேண்டியது அந்த ஒரு சொல்தான். கோப்பை கேட்டானா, சிலை கேட்டானா?

மைதானத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அக்கரை அணி இந்தப் பக்கம் ஆட வரும்போதெல்லாம், கொக்கு பந்தைத் தொட்டால் இக்கரை ரசிகர்கள் வாயில் விரலை வைத்து விசிலடிப்பார்கள். பந்தைத் தொட்டால் மட்டுமா? மூக்கைத் தொட்டாலும் அடித்தார்கள். விசில் காதைக் கிழிக்கிறது, ஆட முடியவில்லை என்று அக்கரை கிளப் லீக் கூட்டத்தில் புகார் சொன்னது. டிரைவிங் ஸ்கூல்காரர் எழுந்து ஒரு சொற்பொழிவே ஆற்றினார்.

"ரசிகன் விசிலுக்கெல்லாம் ஆட்டத்தை நிறுத்தினா ஆட்டம் நடந்த மாதிரிதான். ரெஃபரி விசில் எது, ரசிகன் விசில் எதுன்னு தெரியாதவனுக்கு மைதானத்துல என்ன வேலை? ரசிகர் மேடையிலேர்ந்து எவன் ஊதினாலும் ஆட்டம் ஓடிட்டே இருக்கணும். விதியாவே போடுங்க."

விதியாகவே போட்டார்கள். அவரைத் தோளில் தூக்காத குறையாக இக்கரைக்காரர்கள் அழைத்து வந்தார்கள்.

அந்த வருஷத்தின் கடைசி ஆட்டம். இக்கரையும் அக்கரையும். இக்கரை தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். சமன் செய்தால் தப்பிக்கும். லாண்ட்ரிக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். விரல் வைத்து விசிலடிக்க அவருக்கு இப்போது பல் ஒத்துழைக்கவில்லை. அதனால் கழுத்துப் பித்தளையைக் கழற்றாமல் வந்திருந்தார்.

இரு பக்கமும் கோல் இல்லாமலே நேரம் போயிற்று. கடைசியில் கொக்கை இறக்கினார்கள். மேடை முழுக்க விரல்கள் வாய்க்குப் போயின. இக்கரைத் தடுப்பாட்டக்காரர்களுக்கு அந்தச் சத்தம் தாலாட்டு மாதிரி பழகிப்போயிருந்தது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பந்து உருண்டு வந்து கொக்கின் காலில் நின்றது. எதிரே இரண்டு தடுப்பாட்டக்காரர்கள், பின்னால் கோல்கீப்பர். லாண்ட்ரிக்காரர் பதறிப்போய் விசிலை வாயில் வைத்தார். இரண்டு வருஷமாக மருமகனைப் பார்த்து அவர் வாய் அதிகம் பழகியிருந்தது கஞ்சி ஊதலுக்குத்தான். இரண்டு முறை ஊதினார்.

பேருந்துகளையே கிளப்பிய விசில். மேடையிலிருந்த விரல் விசில்களையெல்லாம் மீறிக்கொண்டு கணீரென்று கேட்டது. ரெஃபரி ஊதிவிட்டார் என்று தடுப்பாட்டக்காரர்கள் இருவரும் சட்டென்று நின்றார்கள். ஒருவர் ஆஃப்சைடு என்று கையைத் தூக்கினார். மற்றவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். கோல்கீப்பர் நல்லவர், கிடைத்த ஓய்வை வீணாக்காமல் குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார்.

கொக்கு மட்டும் நிற்கவில்லை. தோட்டத்தில் உலாத்துகிறவன் போலப் பந்தோடு நடந்து, லேஸ் கட்டிக்கொண்டிருந்தவரைச் சுற்றிக்கொண்டு போய், பந்தைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டுத் திரும்பினான். கைகளை விரிக்கவில்லை, குதிக்கவில்லை.

இக்கரை அணி மொத்தமாக ரெஃபரியைச் சூழ்ந்துகொண்டது. ரெஃபரி வாரநாளில் கணக்கு வாத்தியார். "மேடையிலேர்ந்து எவன் ஊதினாலும் ஆட்டம் ஓடணும். உங்க தலைவர் சொன்ன விதிதான்," என்று சொல்லிவிட்டு மையக்கோட்டைக் காட்டினார். பிறகு மேடைக்கு நடந்து வந்து லாண்ட்ரிக்காரர் கழுத்திலிருந்த பித்தளையைக் கழற்றித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

இக்கரை கீழே இறங்கியது.

ரசிகர்கள் நிதானமானவர்கள், அவசரப்பட்டு யாரையும் குற்றம் சொல்ல மாட்டார்கள். மைதான வாசலுக்கு வருவதற்குள் யோசித்து முடித்துவிட்டார்கள்.

"மாமனும் மருமகனும் முன்னாடியே பேசி வச்சுட்டாங்கய்யா," என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

"நாங்க பேசிக்கிறதே இல்லங்க," என்றார் லாண்ட்ரிக்காரர். "ரெண்டு வருஷமாச்சு. கடைக்கு வர்ற யாரை வேணா கேளுங்க."

"அதுவும் நாடகம்தானா? ரெண்டு வருஷமாவா திட்டம் போட்டீங்க?"

மறுநாள் முன்வரிசை நாற்காலியை யாரோ கொண்டுவந்து லாண்ட்ரி வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், குடையோடு. மகள் கவுண்டரில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொன்னாள்.

"பேசி வச்சாங்களா? என் வீட்டுலயா? இவங்க ரெண்டு பேரா? அப்படி ஒரு சத்தம் கேட்டிருந்தா நான் தெருவையே கூப்பிட்டுக் காட்டியிருக்க மாட்டனா?"

உள்ளே இரண்டு மேஜையிலும் இஸ்திரிப் பெட்டிகள் ஓடின. லாண்ட்ரிக்காரருக்குக் கஞ்சி வேண்டியிருந்தது. கை கழுத்துக்குப் போனது. வெறும் கயிறுகூட இல்லை. வாளியைப் பார்த்தார், அது மருமகன் மேஜைக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. எட்டிப் பார்த்தார், எட்டவில்லை. தொண்டையைக் கனைத்தார்.

"கஞ்சி," என்றார், சுவரைப் பார்த்து.

வாளி நகர்ந்து வந்தது. துணியில் கஞ்சியைத் தெளித்தார். பிறகு, வாயைத் திறந்ததுதான் திறந்தாயிற்று என்று, அடக்கி வைத்திருந்ததையும் கேட்டுவிட்டார்.

"எல்லாரும் நின்னாங்க. நீ ஏன் நிக்கல?"

கொக்கு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "அது நம்ம விசில் மாமா. கடைசில கொஞ்சம் இழுக்கும். ரெண்டு வருஷமா நீங்க எங்கிட்ட பேசினது அது ஒண்ணுதானே, எனக்குத் தெரியாதா?"

லாண்ட்ரிக்காரர் சட்டையின் ஒரே கையைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார்.

"ரெண்டு தரம் ஊதினீங்க. வாளி இங்க இல்லயே, இந்த நேரத்துல எதுக்குக் கஞ்சி கேக்குறாருன்னு நெனச்சேன். சரி, வந்த வேலையை முடிச்சுட்டுக் கேட்டுக்கலாம்னு போயிட்டேன்."

அந்தச் சட்டைக் கை தீய்ந்து வாசனை வரும் நேரத்தில் டிரைவிங் ஸ்கூல்காரர் உள்ளே நுழைந்தார். தன் சட்டைகளை இப்போதே திருப்பித் தர வேண்டும், இஸ்திரி போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, துரோகிகள் கை பட்ட துணி உடம்பில் ஒட்டாது என்றார். புதிதாக ஒரு பாட்டுக் கட்டியிருப்பதாகவும், மேளத்தின் அடி பழையதுதான், பெயர் மட்டும் மாறியிருக்கிறது என்றும் சொன்னார்.

லாண்ட்ரிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை காலம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கூடவே கத்திய மனுஷன். பிறகு தீய்ந்த சட்டையை நிதானமாக மடித்தார். அதன் காலரில் டிரைவிங் ஸ்கூல்காரரின் குறிதான் இருந்தது.

"மாப்ள," என்றார், தலையைத் திருப்பாமல். "தலைவரோட சட்டையெல்லாம் எடுத்துக் குடு. இதை அடியில வச்சுக் கட்டு."

கொக்கு கட்டினான். முடிச்சுப் போட மட்டும் கொஞ்சம் நேரம் பிடித்தது. கண்ணுக்குள் கஞ்சி தெறித்துவிட்டதாம். அப்படித்தான் மனைவியிடம் சொன்னான்.

அதற்குப் பிறகு கடையில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. இரண்டு வருஷ பாக்கியையும் மாமனாரும் மருமகனும் பேசித் தீர்க்க ஆரம்பித்தார்கள். அந்த ஆஃப்சைடு உண்மையில் ஆஃப்சைடுதானா? முழங்காலுக்கு என்ன எண்ணெய் தேய்க்கலாம்? "போ" என்று பாடும்போது மாமனார் உண்மையாகப் பாடினாரா, சும்மா வாயசைத்தாரா? வாயசைத்தேன் என்று அவர் அடித்துச் சொன்னார். மைதானத்து மதில்வரை கேட்ட வாயசைப்பு. வாடிக்கையாளர்கள் கவுண்டரில் கால் கடுக்க நின்றார்கள்.

ஒரு காலையில் கணக்கு வாத்தியார் தன் கறுப்பு ரெஃபரி உடையைச் சலவைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மகள் வழக்கம்போலப் பாக்கெட்டைத் துழாவினாள். பித்தளை கையில் தட்டுப்பட்டது. உள்ளே இருவரும் பேச்சில் இன்னும் அந்த ஆஃப்சைடிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். அவள் அதைத் துடைத்து, வாயில் வைத்து, இரண்டு முறை ஊதினாள்.

பேச்சு நின்றது. இரண்டு கைகள் ஒரே நேரத்தில் கஞ்சி வாளியைப் பிடித்தன.

"ரெண்டு பேரும் வேலையைப் பாருங்க," என்று சொல்லிவிட்டு அவள் விசிலைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். வாத்தியார் கேட்டால், பாக்கெட்டில் ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.