ஈவ்லின் டீ குடிக்கப் போன மாலை

ஈவ்லினை ஓரிடத்தில் உட்கார வைக்க வேண்டுமென்றால் கட்டித்தான் போட வேண்டும் என்பாள் அவள் அம்மா சரோஜினி. சேலையூர் வீட்டில் அவள் சாப்பிடுவதுகூட நின்றபடிதான். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஹாலுக்கும் பால்கனிக்கும் நடப்பாள். அப்பா சுந்தர்சிங் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒரு வகுப்பையே அசையாமல் உட்கார வைக்கிற மனிதருக்குச் சொந்த மகளிடம் மட்டும் அது பலிக்கவில்லை.

எலக்ட்ரானிக்ஸ் படித்தாள். மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை கிடைத்தது. அதே மேஜை, அதே விளக்கு, அதே இரும்பு வளையங்கள். ஒரு வருஷம் முடிவதற்குள் விட்டுவிட்டாள். அடுத்து வேளச்சேரியில் ஓர் அலுவலகம். அங்கே நாற்காலிக்குச் சக்கரம் இருந்தும் எங்கேயும் போக முடியவில்லை. அதையும் விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் சித்தி மகள் ஜென்சியின் கல்யாண வரவேற்பு வந்தது. கேக் வெட்டும்போது மேடையின் இரு பக்கமும் வெள்ளிப் பொறிகள் ஆளுயரத்துக்கு எழும்பின. எல்லாரும் மணமக்களைப் பார்த்தார்கள். ஈவ்லின் மேடைக்குப் பின்னால் போனாள். அங்கே ஒரு பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "அக்கா, இதுக்கு எங்க படிக்கணும்?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் அனுப்பிரியா. பெருங்களத்தூரில் சின்னதாக ஒரு வாணவேடிக்கை நிறுவனம் நடத்துபவள்.

"இதுக்குன்னு நம்ம ஊர்ல காலேஜா இருக்கு? திங்கட்கிழமை காட்டன் டிரஸ் போட்டுட்டு வா. நைலான், பாலியஸ்டர் எதுவும் ஆகாது" என்றாள் அனுப்பிரியா. துணி உரசி எழும் ஒரு சின்னப் பொறி போதும், மருந்து பற்றிக்கொள்ளும். ஈவ்லின் பருத்திச் சுடிதாரில் போய் நின்றாள். பெட்டி தூக்குவதில் தொடங்கியது படிப்பு. பிறகு வாணம் கிளம்பும் குழாய்களை ரேக்கில் நிறுத்தி மணல்மூட்டை அணை கொடுப்பது, மின்சாரத்தில் பற்றும் திரியைச் செருகுவது, வயரை இழுத்துக்கொண்டுபோய்ப் பெட்டியில் சேர்ப்பது. நடுவில் ஒரு மாதம் சிவகாசிப் பக்கம் அனுப்பினாள் அனுப்பிரியா. திரும்பி வந்ததும் கம்ப்யூட்டரில் பாட்டுக்கு ஏற்ப நெருப்பை வரிசைப்படுத்தக் கற்றுக்கொண்டாள். வாரம் ஒரு ஊர், வாரம் ஒரு மைதானம். மூன்று வருஷமாக அவள் விடாத வேலை இது ஒன்றுதான். அம்மாவே ஆச்சரியப்பட்டாள்.

ஆனால் அவள் இன்னும் ஒரு ஷோவைத் தனியாக நடத்தியதில்லை. புத்தாண்டுக்கு அனுப்பிரியாவுக்கு மஸ்கட்டில் பெரிய வேலை வந்திருந்தது. கூட ஓர் ஆளைத்தான் அழைத்துப் போக முடியும். ஒன்று ஈவ்லின், இல்லையென்றால் அவளோடு வேலை செய்யும் நிகில்.

"வண்டலூர் ரிசப்ஷன் முழுக்க உன்னோடது. நான் சும்மா நின்னு பாப்பேன். ஒழுங்கா பண்ணினா பாஸ்போர்ட்டை எடுத்து வை" என்று சொல்லியிருந்தாள் அனுப்பிரியா.

சனிக்கிழமை மத்தியானமே வண்டலூரில் வேலை தொடங்கியது. நிலபுலனோடு சொந்தமாகத் திறந்தவெளி மண்டபமும் வைத்திருந்த ஜெயவேலு, மகள் தீபாவின் வரவேற்பை அங்கேயே வைத்திருந்தார். மிருகக்காட்சிசாலை பக்கத்தில் என்பதால் சத்தம் போடும் எதையும் அனுப்பிரியா எடுத்து வரவில்லை. எல்லாம் ஓசையில்லாமல் மேலே போய்ப் பூக்கும் ரகம்.

"சத்தமே வராத பட்டாசுக்கா இம்மாம் வயரு?" என்று ஜெயவேலு தடுப்புக் கயிற்றைத் தாண்டி வந்து ரேக்குகளைச் சுற்றினார். "பொண்ணும் மாப்ளையும் கார்ல இருந்து எறங்கச்சொல்லோ மேல பூ பூவா கொட்டணும்மா. என் மச்சான் வூட்டுக் கல்யாணத்துல புஸ்ஸுன்னு போச்சு. அவன் மூஞ்சில கரிய பூசணும்."

"கரி இங்க நிறையவே இருக்கு சார். நீங்க கயித்துக்கு அந்தப் பக்கம் போங்க" என்றாள் ஈவ்லின்.

ஐந்து மணிக்கெல்லாம் வயர் வேலை முடிந்தது. சோதித்துப் பார்த்தாள், எல்லாத் திரிகளும் உயிரோடு இருந்தன. வாணங்களைப் பற்றவைக்கும் பெட்டியை அணைத்துச் சாவியை உருவித் தன் சுடிதார் பையில் போட்டுக்கொண்டாள். இது தொழிலின் முதல் பழக்கம். ரேக்கில் கை வைப்பவர் பையில்தான் சாவி இருக்கும். அது அங்கே இருக்கும்வரை யாரும் தவறியும் நெருப்பு வைக்க முடியாது. மாற்றுச் சாவி பெருங்களத்தூர் அலுவலகப் பூட்டுக்குள் கிடந்தது. ஒரே மைதானத்தில் இரண்டு சாவி இருந்தால் இந்தப் பழக்கத்துக்கே பொருளில்லை என்று அதை ஷோவுக்கு எடுத்து வருவதேயில்லை. போன்களுக்கும் அனுமதி கிடையாது. எல்லாருடைய போனும் வாசல் பக்கம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில்.

இனி மணமக்கள் வரும்வரை காத்திருக்க வேண்டும். எட்டு மணிக்கு வருவார்கள் என்றார் ஜெயவேலு. ஈவ்லின் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தாள். கயிற்றோரமாக நடந்தாள். மணல்மூட்டை ஒன்றைக் காலால் தள்ளினாள், அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. ஆறு மணியும் தாண்டியது, மஸ்கட் ஞாபகம் விடவில்லை. பெட்டி, ரேக், வானம் என்று கண் மாறி மாறி ஓடியது.

"நிகில், நீ பாத்துக்கோ. நான் ஒரு டீ அடிச்சிட்டு வந்துடறேன்."

"சீக்கிரம் வா. வரும்போது எனக்கும் பார்சல்" என்றான் நிகில்.

அனுப்பிரியா அப்போது மேடையில் விளக்குக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லிவிட்டுப் போக ஈவ்லினுக்குத் தோன்றவில்லை. வண்டியைக் கிளப்பினாள். முதல் கடையில் கூட்டம், நிற்கவில்லை. இரண்டாவது கடையையும் தாண்டினாள். காற்று முகத்தில் அடித்தது பிடித்திருந்தது, அதனால் இன்னும் கொஞ்சம் போனாள். மண்ணிவாக்கம் தாண்டி ஒரு கடையில் நின்றபடி டீ குடித்து, நிகிலுக்கும் வாங்கிக்கொண்டு திரும்பினால், மேம்பாலத்தடியில் சனிக்கிழமைக் கூட்டம் மொத்தமும் நின்றது. ஆரன் சத்தத்துக்கு நடுவில் ஒரு காலை ஊன்றி நின்றபோது, தொடையில் ஏதோ குத்தியது. தொட்டுப் பார்த்தாள். சாவி. போனைத் தேடினாள். அது டப்பாவில்.

மண்டப வாசலுக்கு வந்தபோது பூ அலங்காரம் செய்த கார் நின்றுகொண்டிருந்தது. போட்டோ எடுப்பது சீக்கிரம் முடிந்து மணமக்கள் ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள். செண்டை மேளக்காரர்கள் அடித்து ஓய்ந்து குச்சியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்கள்.

"இன்னாமா நெனச்சிகினு கீற?" ஜெயவேலு ஓடி வந்தார். "மாப்ள கார்லயே குந்திகினு கீறாரு. எம்மா நேரமா! ஒரே பேஜாரா பூட்ச்சி!"

கார்க் கண்ணாடி இறங்கியது. "அக்கா, மேக்கப் உருகுது. நாங்க நடந்தே போயிடவா?" என்றாள் தீபா.

ஈவ்லின் கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடினாள். நிகில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அனுப்பிரியா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சாவியைச் செருகித் திருப்பினாள் ஈவ்லின். பெட்டியில் எல்லா விளக்கும் பச்சை. ஒரு பொத்தான், அவ்வளவுதான். வானம் பூத்துவிட்டால் தாமதம் எல்லாருக்கும் மறந்துபோகும்.

ஆனால் சாவி மைதானத்தைவிட்டு வெளியே போயிருக்கிறது. அப்படிப் போனால், இடையில் யாராவது தட்டிக் குழாய் சாய்ந்திருக்கலாம் என்பதால், ஒவ்வொரு ரேக்காக மறுபடி நடந்து பார்க்காமல் நெருப்பு வைக்கக் கூடாது.

"யாரும் தொடல. நான் இங்கயேதான் இருந்தேன். பட்டன அடி" என்றான் நிகில் பல்லைக் கடித்துக்கொண்டு.

"மேளம் அடிக்கிறவங்க?"

"கயித்துக்கு அந்தப் பக்கம்தான் நின்னாங்க. ஒருத்தர் மட்டும் செருப்ப தேடி உள்ள வந்தாரு, நான்தான் தொரத்தினேன்."

ஈவ்லின் அனுப்பிரியாவைப் பார்த்தாள். சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு டார்ச்சோடு முதல் ரேக்குக்குப் போனாள். குனிந்து குனிந்து ஒவ்வொரு குழாயாகப் பார்த்தாள். பாதிகூடத் தாண்டவில்லை, அதற்குள் மேளம் மறுபடி கிளம்பியது. ஜெயவேலு மருமகன் ஹரிபிரசாத்தின் கையைப் பிடித்து இறக்க, மணமக்கள் வெறும் வானத்தின் கீழ் நடந்து உள்ளே போனார்கள். ஒரு குழாய்கூடச் சாய்ந்திருக்கவில்லை. ஒரு வயர்கூட விலகியிருக்கவில்லை.

கேக் வெட்டும்போது பொத்தானை அழுத்தினாள். தங்கமும் ஊதாவுமாகப் பூக்கள் ஓசையின்றி விரிந்து, பாட்டுக்கு இம்மியும் பிசகாமல் உதிர்ந்தன. பாதிப் பேர் பந்தியில் இருந்தார்கள். பிரியாணித் தட்டோடு வெளியே வந்து பார்த்த ஜெயவேலு, "இத்த மொதல்லயே வுட்ருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் உள்ளே போனார்.

புகை அடங்கும்வரை ரேக் பக்கம் யாரும் போகக் கூடாது. கயிற்றோரம் நின்றபடி ஈவ்லின்தான் பேச்சைத் தொடங்கினாள்.

"அக்கா, நான் செக் பண்ணது தப்பா?"

"செக் பண்ணாம அடிச்சிருந்தா இப்பவே உன்ன வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். நீ போனதுதான் தப்பு. மஸ்கட்டுக்கு நிகில் வர்றான்."

ஈவ்லின் வாசல் பக்கம் பார்த்தாள். வேலையை விடும் வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இரண்டு இடங்களில் சொல்லிப் பழகிய வாக்கியம். வண்டியும் வாசலில்தான் நின்றது.

"அடுத்த வருஷம்?" என்று கேட்டாள்.

"அடுத்த வருஷம் வரைக்கும் நீ இருப்பியா?"

ஈவ்லின் யோசித்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியலக்கா."

"நாளைக்கு திருமுடிவாக்கத்துல ஒரு கம்பெனி ஆண்டு விழா. வயரிங் மட்டும்தான், பட்டன் நிகிலுக்கு. அதுக்காவது வருவியா?"

"நாளைக்கு வருவேன்."

"சரி. புகை போயிடுச்சு, தண்ணி வாளிய எடு, குழாயெல்லாம் நனைக்கணும்" என்றாள் அனுப்பிரியா.