டீசல் வண்டிக்காக நின்ற சாயங்காலம்

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் வண்ணம் சரிபார்க்கும் வேலை எனக்கு. சாமி படங்களின் மஞ்சளும் சிவப்பும் பார்த்துக் கண் சலித்துப்போகும். விடுமுறை கிடைத்தால் கேமராவோடு சரக்கு ரயில் பார்க்கப் போய்விடுவேன். பயணிகள் ரயிலில் முகங்கள் இருக்கும். சரக்கு ரயிலில் பெட்டிகள் மட்டும்தான். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

அன்று மாதாந்திர மின்தடை. அச்சகம் ஓடவில்லை. பட்டாசுக் கம்பெனிகளில் எல்லாம் கைவேலை என்பதால் அங்கே வழக்கம்போல வேலை நடந்தது. ரயில் படம் எடுப்பவர்களுக்கென்று எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு இரண்டு டீசல் இஞ்சின் கோத்த வண்டி வருகிறது என்று மதியம் அதில் செய்தி வந்தது. இந்தப் பாதையில் மின்கம்பி வந்த பிறகு டீசல் வருவதே அபூர்வம். அதுவும் ஜோடியாக.

விருதுநகருக்குத் தெற்கே, சாத்தூர் போகும் பாதை லேசாக வளையும் ஓர் இடம் எனக்குத் தெரியும். பஸ்ஸை விட்டு இறங்கி, கரிசல் காட்டு வழியாக நடந்து, தண்டவாளத்திலிருந்து தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். காற்றில் புழுதி பறந்ததால் கேமராவைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

வெயில் தாழும் நேரத்தில் பட்டாசுக் கம்பெனி வேன் ஒன்று சாலையில் பெண்களை இறக்கிவிட்டுப் போனது. அவர்களில் இரண்டு பேர் என் பக்கமாக வந்தார்கள். ஒருவருக்கு ஐம்பது வயது இருக்கும், மற்றவள் இளையவள். இருவர் கையிலும் முழங்கை வரைக்கும் வெள்ளிப் பவுடர் மினுங்கியது. என்னைத் தாண்டிப் போனவர்கள், ஏதோ பேசிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

"ஏம்மா, இங்கன ஒத்தையில எதுக்கு நிக்கீக?" என்றார் மூத்தவர்.

"ரயிலுக்கு."

"ஸ்டேஷன் அங்கிட்டுல்ல இருக்கு. எந்த ரயிலு?"

"கூட்ஸுங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கூட்ஸ் இங்கன நிக்காதே தாயி."

"நிக்க வேண்டாம். இந்த வழியாப் போனாப் போதும்."

சொல்லும்போது எனக்கு அதில் ஒன்றும் தவறாகத் தெரியவில்லை. மூத்தவர் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு என் அருகில் வந்து நின்றார். நான் சாப்பிட்டேனா என்று கேட்டார். பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். "வீட்டுல எதும் சண்டையா?" என்று இளையவள் கேட்டபோதுதான் எனக்கு விஷயம் லேசாகப் பிடிபடத் தொடங்கியது. அதற்குள் தெற்கே ஹாரன் கேட்டது.

நான் பைக்குள் கையை விட்டு ஓரடி முன்னால் வைத்தேன். மூத்தவர் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். இளையவள் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "படம் எடுக்கணும், விடுங்க" என்று நான் சொன்னதை ஹாரன் விழுங்கிவிட்டது. இரண்டு இஞ்சினும் கரும்புகையைக் கக்கிக்கொண்டு வளைவில் சாய்ந்து வந்து, எங்களைக் கடந்து போயின. கேமரா கையில் இல்லாததால் அன்றுதான் ரயிலை உண்மையாகப் பார்த்தேன் என்று சொல்ல ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை. பாதி நேரம் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பிடி.

கடைசிப் பெட்டி போன பிறகுதான் விட்டார்கள். நான் கேமராவை எடுத்து, பழைய படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். நிலக்கரி வண்டி, சிமெண்ட் வண்டி, கண்டெய்னர் வண்டி. இளையவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இம்புட்டும் கூட்ஸ்தானா? ஒரு ஆளு படம்கூட இல்லையே."

மூத்தவர் சிரிக்கவில்லை. மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "எங்க நாத்தனா இங்கனதான் ரயில்ல விழுந்து போனா" என்றார். "வேலை விட்டு வந்துக்கிட்டு இருந்தேன். ஒத்தையில நின்னா. என்னன்னு கேட்டேன். சும்மா காத்தாட நிக்கேன் மைனின்னு சொன்னா. உலை வைக்கணும்னு நான் வந்துட்டேன்."

நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் குடித்தார். "உங்க வண்டியக் கெடுத்துட்டேன்" என்றார். பரவாயில்லை என்றேன். அந்த நேரத்தில் அது பாதிதான் உண்மை.

இளையவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் என்னோடு சாலை வரைக்கும் நடந்து வந்தார். தனியாகப் போய்க்கொள்கிறேன் என்று சொல்லியும் கேட்கவில்லை. பஸ் வந்ததும் நான் ஏறி உட்காரும்வரை பார்த்து நின்றார். கண்டக்டரிடம், "விருதுநகர்ல பாத்து எறக்கி விடுங்க" என்று சொன்னார். கேமராவைப் பார்த்த பிறகும் அவருக்கு என்மேல் முழு நம்பிக்கை வரவில்லை என்று நினைக்கிறேன்.

பஸ்ஸில் குழுவைத் திறந்தேன். கோவில்பட்டியில் ஒருவர் எடுத்த படம் வந்திருந்தது. நல்ல வெளிச்சம், இரண்டு இஞ்சினும் தெளிவாக. எனக்குக் கிடைக்கவில்லை என்று எழுதினேன். "மழையா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை என்று மட்டும் போட்டேன்.

அந்த வளைவுக்கு இப்போதும் போகிறேன். எவ்வளவு புழுதி பறந்தாலும், பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன்.