பதினொரு மணிக்கு நின்றுபோன கேமரா

இதை எழுத எனக்குப் பல வருஷமாகத் தைரியம் வரவில்லை. பேனாவை எடுப்பேன், முருகன் படத்தைப் பார்ப்பேன், கீழே வைத்துவிடுவேன். ஆனால் கேமரா வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், "கம்ப்யூட்டர் திணறுது, என்ன பண்றது?" என்று கேட்கிறார்கள். சொன்னால் முழுதாகச் சொல்ல வேண்டும்.

நான் பத்தாவது வரை படித்தவன். ஒக்கலிபுரத்தில் வீடு. இரண்டாயிரத்துக்குப் பிறகு வீடுகளுக்குக் கேமரா மாட்டினேன். சாதாரண கம்ப்யூட்டரில் ஒரு கார்டு செருகி, நான்கு கேமரா இணைத்து, சாஃப்ட்வேர் போடுவோம். படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் பாரம் முழுக்க ப்ராசஸர் தலையில். வேலை முடிந்ததும் கேபினெட்டுக்குக் குங்குமம் வைப்பேன். என் காணிக்கையாக ஒரு ஸ்கிரீன்சேவரும் போட்டுத் தருவேன். முருகன் நிற்பார், விளக்கு அசையும், பூ உதிரும்.

லிங்கராஜபுரத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வீட்டில் அப்படி மாட்டினேன். சில நாளில் போன்.

"குமாரு, பூஜை ரூம்ல வெள்ளி விளக்கக் காணோம்ப்பா. வேலைக்கு வர்ற கலா பதினோரு மணிக்கு அங்க துடைக்கிறா. தினமும் கரெக்டா அந்த நேரத்துக்கு ரெக்கார்டிங் இல்ல. சும்னே, காரணமே இல்லாம ஆகுமா இது? சனிக்கிழமைக்குள்ள கண்டுபிடி. இல்லன்னா அவள நிறுத்திடறேன்."

போய்ப் பார்த்தேன். ப்ளக் தரையோரமாக, துடைப்பம் எட்டும் உயரத்தில் இருந்தது. எனக்கும் சந்தேகம் தட்டியது.

"துடைக்கும்போது இதப் புடுங்குறியாம்மா?"

"புடுங்குனா கம்ப்யூட்டரே நின்னுடாதாண்ணா? இதுகூட தெரியாமலா கேமரா மாட்ட வந்தீங்க?"

அவள் சொன்னது சரி. ஆனாலும், 'இவளுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?' என்றுதான் என் புத்தி போனது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். ப்ராசஸர் அறுபது சதவீதம். எப்போது உட்கார்ந்து பார்த்தாலும் அறுபதுதான். அதனால் கலா மேல் சந்தேகம் இன்னும் கூடியது.

வெள்ளிக்கிழமை டாஸ்க் மேனேஜரைத் திறந்தபடியே விட்டுவிட்டு, பூஜை அறையில் கும்பிடப் போனேன். திரும்பி வந்தால் திரையில் என் முருகன். உதிர வேண்டிய பூ பாதியில் நின்று நின்று விழுந்தது. மவுஸைத் தொட்டேன். கிராஃப் அதுவரை நூறில் சுவர் மாதிரி நின்றிருந்து, நான் தொட்ட இடத்தில் சரிந்தது. அப்போதுதான் விஷயம் புரிந்தது. நான் தொட்டால் முருகன் மறைவார், பாரம் இறங்கும். சார் பத்தரைக்கு வெளியே போனால் யாரும் தொடுவதில்லை. பாரம் ஏறி ரெக்கார்டிங் நின்றுவிடும்.

ஸ்கிரீன்சேவரை எடுத்தேன். மானிட்டர் மட்டும் தானாக அணையும்படி வைத்தேன். நேரலைப் படத்தை மூடி, பின்னால் பதிவு மட்டும் ஓடவிட்டேன். நொடிக்கு இருபத்தைந்து ஃப்ரேமை எட்டாக்கினேன். பதிவு ஃபோல்டரைத் தொடாதே என்று ஆன்டிவைரஸுக்குச் சொன்னேன். ப்ராசஸர் முப்பதுக்கு வந்தது.

"சாஃப்ட்வேர் ப்ராப்ளம் சார், சரியாயிடுச்சு" என்றேன்.

"அப்போ விளக்க சாஃப்ட்வேரா தூக்கிட்டு போச்சு?"

நான் போட்டதுதான் காரணம் என்று சொல்ல வாய் வரவில்லை. என் தொழில் பேர் போய்விடுமே என்று பயம். மறுநாள் கலாவை நிறுத்திவிட்டார்கள்.

அதற்கப்புறம் சாமி முன்னால் நிற்க முடியவில்லை. ஒரு மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா? எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அங்க போய்ச் சொல்லுங்க."

போனேன். பழைய பதிவுகளை சாருக்குத் திறந்து காட்டினேன். ராத்திரிகளிலும் பதிவு இல்லை. அப்போது கலா அவள் வீட்டில் இருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் இருந்த நேரத்தை மட்டுமே பார்த்திருந்தோம். ஸ்கிரீன்சேவர் என்னுடையது என்றும் சொன்னேன்.

பிறகு, "அவள வரச் சொல்லுப்பா" என்றார்.

கலாவிடம் போய்ச் சொன்னேன். அவள் சொன்னாள்: "அவரு கூப்பிட்டாரு, நான் மாட்டேன்னுட்டேன். இத அந்தத் தெருவுல நாலு பேரு காதுல விழற மாதிரி சொல்லிட்டு வாங்கண்ணா. அது போதும்."

சார் வீட்டு வாசலில் நின்று அப்படியே சொன்னேன். விளக்கு கடைசிவரை கிடைக்கவில்லை.

பதிவு இல்லாவிட்டால் முதலில் நம் கையால் போட்டதைச் சந்தேகப்பட வேண்டும், மனுஷரை அல்ல. இதை உங்களோடு வேலை செய்பவர்களுக்கும் அனுப்புங்கள். ஃப்ரேம் குறைக்கும் பகுதியை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள். நான் வாயை மூடிக்கொண்ட இடமும், கலா சொன்னதும் அப்படியே போக வேண்டும். அவள் கேட்ட நாலு பேரில் நீங்களும் ஒருவர்.