மவுஸைப் பூட்டிவைத்தவர்

எங்கள் துறைத் தலைவருக்கு மவுஸ் என்றாலே இளக்காரம். காலையில் வந்ததும் அதைக் கழற்றி, வயரைச் சுற்றி, மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிடுவார். "மவுஸப் பிடிக்கிறவன் எங்க வேல செய்வான், தேய்ச்சுக்கிட்டே கெடப்பான்" என்பார்.

கீழக்குயில்குடிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நான் தற்காலிக விரிவுரையாளராக இருந்த காலம் அது. இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில வருடங்கள். ஸ்லைடு போட்டுப் பேசுவது அப்போதுதான் எங்களிடம் வந்திருந்தது. வந்த வேகத்தில் தலைவருக்குத் தலைக்கேறிவிட்டது. எஃப் ஃபைவை அமுக்கினால் காட்சி தொடங்கும், கன்ட்ரோல் எம் அடித்தால் புது ஸ்லைடு வரும், கன்ட்ரோல் டி அடித்தால் ஒன்று இரண்டாகும். இதை வைத்துக்கொண்டு அவர் பண்ணிய அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல. விரலை உயரே தூக்கி, நாங்கள் பார்க்கிறோமா என்று பார்த்துவிட்டுத்தான் பட்டனை அமுக்குவார். ஸ்லைடில் என்ன எழுதுவது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அதை நான்தான் எழுதித் தர வேண்டும்.

அந்த வருடம் புதுப் படிப்பு ஒன்றுக்கு அனுமதி கேட்டிருந்தோம். பார்வையிட ஒரு குழு வருவதாக இருந்தது. அனுமதி கிடைத்தால் எனக்கு நிரந்தர வேலை என்று தாளாளர் வாய்விட்டே சொல்லியிருந்தார். என் கவலை அது. கல்லூரியின் கவலை வேறு. எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. குழு இருக்கும்போது போனால் கண்மூடித் திறப்பதற்குள் ஜெனரேட்டர் ஓட வேண்டும் என்று அட்டெண்டருக்கு ஒத்திகையே நடத்தினார்கள். யுபிஎஸ் ஒன்று இருந்தது, தாளாளர் அறை டிவிக்கு.

குழு வந்தது. ஹாலின் ஜன்னல்களை மூடி விளக்கை அணைத்தோம். தலைவர் பேசத் தொடங்கி இரண்டாவது ஸ்லைடுக்கு வந்ததுமே குழுவில் ஒருவர் முந்தைய ஸ்லைடைக் காட்டச் சொன்னார். பின்னால் போக அம்புக்குறி பட்டன் இருக்கிறது, பச்சைப்பிள்ளைகூட அதைத்தான் அமுக்கும். இவரோ பேக் என்றால் பி எழுத்து என்று தானாகவே ஒரு ஷார்ட்கட்டைக் கண்டுபிடித்து, விரலைத் தூக்கி, அமுக்கினார். காட்சி ஓடும்போது அதை அமுக்கினால் திரை கறுப்பாகிவிடும். ஆனது.

"கரண்ட் போச்சு!" என்று கத்தியவரும் அவரேதான். தலைக்கு மேல் ஃபேன் அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"சார், கரண்ட் இருக்கு. அதே பி-ய மறுபடி அமுக்குங்க, படம் வந்துரும்" என்றேன்.

"எனக்கே ஷார்ட்கட் சொல்லித் தாரீங்களாக்கும்? சும்மா உக்காருங்க மேடம்."

அதற்குள் அட்டெண்டர், "இந்தா போட்டுர்றேன் சார்" என்று ஓடிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், சொல்லிவைத்ததைச் செய்தார். லைனை ஜெனரேட்டருக்கு மாற்றியபோதுதான் நிஜமாகவே கரண்ட் போனது. ஃபேன் நின்று மறுபடி சுற்றியது. கம்ப்யூட்டர் அணைந்து, முதலிலிருந்து தொடங்கியது. ஸ்லைடுகள் போயே போய்விட்டன. நான் எழுதித் தந்ததை அன்று காலையில்தான் தலைவர் வேகவேகமாக அடித்திருந்தார். அத்தனை ஷார்ட்கட் தெரிந்த மகானுக்கு கன்ட்ரோல் எஸ் அடித்துச் சேமிக்கத் தோன்றவில்லை. இந்தக் கோமாளித்தனத்தில் என் வேலையும் போனது என்றுதான் நினைத்தேன்.

குழு வெறும் திரையைப் பார்த்தது, வடையைத் தின்றது, கிளம்பிவிட்டது. கொஞ்ச நாளில் அனுமதி வந்தது! ஜெனரேட்டர் அவ்வளவு சீக்கிரம் ஓடியதில் அவர்களுக்குப் பரம திருப்தியாம். இவரைக் கேட்க அவர்கள், அவர்களைக் கேட்க யாருமில்லை.

தலைவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். என் நிரந்தர வேலைக்கான பரிந்துரை அவர் முன்னால் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பேனாவைத் திறந்துகொண்டே, "அன்னைக்கு கரண்டுதான் போச்சு. என்ன மேடம், சரிதான?" என்றார்.

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆயுசுக்கும் சம்பளம். ஆனால் அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இல்ல சார், நீங்க பி-ய அமுக்குனீங்க. சிம்மக்கல் போற காலேஜ் பஸ் டிரைவர் வரைக்கும் சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். பரிந்துரையை மடித்து, இழுப்பறையைத் திறந்து, மவுஸுக்குப் பக்கத்தில் போட்டுப் பூட்டினார்.