டி.பி. என்று எழுதினேன்

வேப்பனப்பள்ளிப் பக்கம் நான் கிளினிக் வைத்திருந்த கட்டடம் கல்குவாரி முதலாளியுடையது. அங்கே அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. பாகப்பிரிவினையிலிருந்து கல்யாணம்வரை எல்லாம் அவர் வாசலில்தான் முடிவாகும். எனக்கு முன்னால் இருந்த டாக்டர் எதற்கோ முடியாது என்றாராம். மறுநாள் காலையில் கிளினிக் கதவில் வேறு பூட்டு தொங்கியது.

குவாரியில் கல்லுக்குத் துளை போடும் தொழிலாளி ஒருவர் மூச்சுத் திணறலோடு வந்தார். கிருஷ்ணகிரியில் எடுத்து வந்த எக்ஸ்ரேயைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். சளியை இரண்டு முறை சோதித்தேன், டி.பி. கிருமி இல்லை. இருபது வருஷக் கல்தூசி நெஞ்சுக்குள் படிந்திருந்தது. அதற்கு மருந்து இல்லை. குவாரியை விட்டு விலகினால் இன்னும் கொஞ்ச காலம் நன்றாக இருப்பார். நான் உள்ளதை எழுதிக் கொடுத்தால் நஷ்டஈடு கேட்கலாம். கூட வேலை செய்பவர்களும் எக்ஸ்ரே படம் எடுக்கக் கிளம்புவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளி வீட்டுக்குப் போய் அவர் காலில் இருந்த சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவேன். அந்த ஞாயிறு, முக்காலியில் குனிந்து உட்கார்ந்து பழைய கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, எக்ஸ்ரே விஷயம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது புரிந்தது.

"டி.பி.ன்னு எழுதிடுங்க டாக்டரே. கவர்மென்ட்ல மாத்திரை சும்மாவே குடுக்கறாங்க. அவனுக்கும் நல்லது" என்றார்.

குரலை உயர்த்தவில்லை. மிரட்டியிருந்தால் எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்காவது இருந்திருக்கும். நான் புண்ணைத் துடைத்து, மருந்து வைத்து, ஒழுங்காகக் கட்டினேன். அவர் புண் ஆறிக்கொண்டு வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, வெட்கக்கேடு.

திங்கட்கிழமை டி.பி. என்று எழுதினேன். இரண்டு நோய்க்கும் படம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், யாரும் கேள்வி கேட்கவில்லை. வந்த நோயாளிகள் மேலெல்லாம் அன்று காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

அந்தத் தொழிலாளி ஒரு வேளைகூடத் தவறாமல் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார். முடிந்ததும் வந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. கிளினிக்கின் மூன்று படி ஏறியதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். டி.பி. போய்விட்டது, வேலைக்குத் தகுதி என்று எழுதித் தரச் சொல்லி குவாரி ஆபீஸில் கேட்கிறார்களாம். தரமாட்டேன் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

கதவு வரை போனவர் திரும்பினார்.

"சார், ஒட்டிக்கும்னு ஆறு மாசமா பேத்தியத் தொடலைங்க. மாட்டுக் கொட்டாயிலதான் படுத்துக்கறேன். இனிமே தூக்கலாங்களா?"

தாராளமாகத் தூக்கலாம் என்றேன். ஆறு மாதமும் தூக்கியிருக்கலாம் என்று சொல்லவில்லை.