விளக்கோடு போய் வாங்கிய வெப்பப் பம்பி

நோர்வேயில், ஹொல்ம்லியாவில் எங்கள் வீட்டு யன்னலுக்குக் கீழே இருந்த பழைய மின்சார ஹீட்டர் குளிர் தொடங்கியதும் செத்துப்போனது. வெப்பப் பம்பி பூட்டுவோம் என்றான் மகன். சுவரில் ஒரு நீட்டுப் பெட்டி. வெளிக்காற்றில் இருந்து சூட்டை எடுத்து வீட்டுக்குள் ஊதுமாம். கரண்டும் மிச்சமாம்.

ஊதும் என்றதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் குளிருக்குப் பயந்தவள் அல்ல. வடக்கே பாட்ஸ்பியோர்டில், மீன் தொழிற்சாலையில் ஐசுக்குள் கைவிட்டு மீன் வெட்டியவள். ஆனால் வரவேற்பறை மூலையில் என் சாமித்தட்டு இருக்கிறது. வெஸ்ட்லியில் இருக்கும் மச்சாள் வீட்டில் அந்தப் பெட்டி பூட்டிய நாளில் இருந்து விளக்கு நின்று எரிவதில்லை. இப்போது அவர் சாமிக்குப் பற்றரி விளக்கு வைக்கிறார். அந்தக் கேடு என் வீட்டுக்கு வரக்கூடாது.

"வாங்குவம். ஆனால் நான் பாத்துத்தான் எடுப்பன்," என்றேன்.

மகனோடு கடைக்குப் போகும்போது கைப்பைக்குள் சிட்டி விளக்கு, திரி, மருந்துப் போத்தலில் நல்லெண்ணெய், நெருப்புப்பெட்டி எல்லாம் வைத்துக்கொண்டேன். அங்கே பெட்டிகள் வரிசையாக ஊதிக்கொண்டிருந்தன. முதல் பெட்டிக்குக் கீழே நின்று விளக்கைக் கொளுத்தினேன். உடனே அணைந்தது.

"ஐயோ அம்மா, கடைக்குள்ளை நெருப்போ? மானம் போகுது!"

"உன்ரை மானம் அணையாது, விளக்குத்தான் அணையுது. அடுத்ததைக் காட்டு."

தாடி வைத்த கடைக்காரர் ஓடி வந்தார். கத்தப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ குனிந்து விளக்கை உற்றுப் பார்த்துவிட்டு மகனிடம் ஏதோ கேட்டார்.

"காத்து அளக்கிற கருவியோ எண்டு கேக்கிறார், அம்மா."

"ஓம் எண்டு சொல்லு. பிழைக்காத கருவி."

பிறகு அவரே ஒவ்வொரு பெட்டியிலும் காற்றைத் திருப்பும் தகட்டை மேலும் கீழும் திருப்பிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் விளக்கு அணைய, நான் இல்லை என்று தலையை ஆட்டி ஆட்டி நடந்தேன். கடைசியில் நிலத்தோடு வைக்கும் ஒரு பெட்டி. காற்று தரையோடு போனது, சுடர் நிமிர்ந்து நின்றது. அவர் கை தட்டினார். பின்னால் நின்ற நோர்வேக்காரி ஒருத்தி விளக்கை இரவல் கேட்டாள். கொடுத்தேன்.

பெட்டி பூட்டிய பிறகு வந்த வெள்ளிக்கிழமை மச்சாள் வந்தார். சாமித்தட்டைப் பார்த்தார்.

"என்ன மச்சாள், சுடர் ஆடேல்லை. மெஷினை நிப்பாட்டிப் போட்டியளோ?"

"இஞ்சாலை வந்து நில்லுங்கோவன்."

பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். சீலைக்கரை படபடவென்று அடித்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் விளக்கைப் பார்த்தார்.

"இதுவும் பற்றரியோ?"

"தொட்டுப் பாருங்கோ," என்றேன்.