நடக்கப் போன சித்தப்பாவை ஏற்றி வந்தவர்கள்

உங்கள் சித்தப்பா தினமும் ஒரு மணி நேரம் நடந்தும் ஏன் இளைக்கவில்லை என்று எனக்கு ஒரே யோசனை.

மனநோய்க்கு அவன் போடும் மாத்திரை பசியைக் கிளப்பும், உடம்பு ஊதிவிடும். "அடுத்த தடவ எட கொறையலன்னா மாத்திரைய நிறுத்திடுவேண்ணா" என்று சொல்லிவிட்டான். முன்பு ஒருமுறை நிறுத்தியபோது, யாரோ கூப்பிடுவதாகக் காதில் கேட்டு, கோலியனூரிலிருந்து திண்டிவனத்துக்கே நடந்து போய்விட்டான். மூன்று நாள் ஊரே தேடியது.

விழுப்புரம் ஆஸ்பத்திரி நர்சம்மா சொன்னதை எல்லாம் செய்தான். சோற்றைக் குறைத்து, காலையில் கேப்பைக் கூழ் குடித்தான். ஆனால் எடை இறங்கவே இல்லை. அவன் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். அடி தேயவே இல்லை! மறுநாள் சைக்கிளில் தூரமாகப் பின்னால் போனேன்.

கையை வீசி நன்றாகத்தான் நடந்தான். ஏரிக்கரை தாண்டியதும் பால்காரர் வண்டியை நிறுத்தினார்.

"இன்னாப்பா, மறுபடியும் கெளம்பிட்டியா? ஜல்தி ஏறு, அண்ணன் தேடப் போறாரு."

"சும்மா நடந்துகினு இருக்கேங்க."

"அன்னிக்கும் இதத்தான சொன்ன?"

ஏற்றிக்கொண்டு வந்து டீக்கடையில் உட்கார வைத்து, அவன் ஓடிவிடக் கூடாதே என்று இரண்டு போண்டாவும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார். அடுத்த நாள் ஒரு டிராக்டர்காரர். அதற்கடுத்த நாள் பள்ளிக்கூட வாத்தியார். போண்டா மட்டும் மாறவில்லை.

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ சண்டைக்குப் போவ. அன்னிக்கு என்னத் தேடனவங்கண்ணா அவங்க."

நான் போய் அவர்களிடம் சொல்கிறேன் என்றதற்கு, "வேணாம், நானே சொல்லிக்கிறேன்" என்றான்.

மறுநாளும் பின்னால் போனேன், மனசு கேட்கவில்லை. பால்காரர் வண்டியை நிறுத்தினார். இவன் வண்டியின் கைப்பிடியில் கையை வைத்தான்.

"எறங்குங்க."

"இன்னாத்துக்கு?"

"எட கொறையணும்னு நடக்கறேன். நம்பிக்க இல்லன்னா கூட வாங்க. உங்களுக்குந்தான் தொந்தி கீது."

பால்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். மனிதர் இறங்கி, பால் கேனோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு பாலம் வரை நடந்தார். "இன்னும் எவ்ளோ தூரம்பா? பால் திரிஞ்சிடும்" என்று வழியெல்லாம் புலம்பல். திரும்பி வந்ததும் டீக்கடையில் அவரே சத்தமாகச் சொன்னார்: "யாரும் அவன ஏத்தாதீங்க. அவன் ஓடல, நடக்கறான். எனக்குத்தான் மூச்சு வாங்குது."

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது முக்கால் கிலோதான் குறைந்திருந்தது. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முள்ளை இரண்டு தடவை குனிந்து பார்த்தான். பிறகு மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்குப் போய், எனக்கு முன்னால் வரிசையில் நின்றுகொண்டான்.